மயில் மறித்த சிக்னல்

வீட்டில் முதன்முதலாகப் படித்தவனிடம் யாரும் எதற்கும் விளக்கம் கேட்கக் கூடாது. கேட்டால் நிறுத்தவே மாட்டான். தொண்ணூறுகளில் நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போது எவ்வளவோ திருந்திவிட்டேன். என் வீட்டில் விசாரிக்காதீர்கள்.)

தண்ணீர்மலை சாலையில் ஒரு பக்கம் எங்கள் கம்பெனி ஆபீஸ், எதிர்ப்பக்கம் ஸ்டோர். சாலையைத் தோண்டிக் கேபிள் போட அனுமதி கிடைக்கவில்லை. "வயரே வேணாம் பாஸ்!" என்று மார்தட்டினேன். இரண்டு கூரையிலும் ஆண்டெனா வைத்து, கம்ப்யூட்டர்களை ரேடியோ அலையால் இணைத்தேன். சனிக்கிழமை சோதித்தபோது அருமையாக ஓடியது. திங்களன்று முதலாளி முன்னால் ஓடினால் வேலை நிரந்தரம்.

இடையில் ஞாயிறு வந்தது. பிறை என்ற ஊரில் லோரி ஓட்டும் அப்பா, தைப்பூசத் தண்ணீர்ப் பந்தல் கட்ட என்னைக் கூப்பிட்டார். பந்தலும் அதே சாலையில்தான். தகரம் அடித்த பெரிய மயிலோடு, சாலைக்கு மேலே நின்ற பந்தல் வளைவின் உச்சிக்கு ஏறினேன்.

"அப்பா, இங்கேருந்து நல்லா தெரியுது! அந்தக் கூரையில ஒண்ணு, இந்தக் கூரையில ஒண்ணு. குறுக்கே ஒரு காக்கா உட்காரக் கூடாது. அலை நடுவுலதான் கொழுக்கட்டை மாதிரி உப்பும்."

"சரிடா, மயில நேரா கட்டு."

நேராகத்தான் கட்டினேன். கொழுக்கட்டையின் நட்டநடுவில்.

மறுநாள் ஸ்டோரிலிருந்து ஆபீஸ் திரைக்கு ஒரு எழுத்துகூட வரவில்லை. வயர்களைப் பிடுங்கிச் செருகினேன். வெயிலைக் குறை சொன்னேன். கருவி செய்த நாட்டையே திட்டினேன். சீனரான முதலாளி ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, மலாயில் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, அந்தப் பறவை சனிக்கிழமை அங்கே இல்லையே லா?"

கீழே பந்தலுக்கு ஓடினேன். "அப்பா, மயில இறக்கணும்!"

"ஏத்துனது யாருடா?"

பந்தலே சிரித்தது. பின்னாலேயே வந்த முதலாளி என்னைவிடப் பதறினார். "தொடாதே லா! தேருக்குத் தேங்காய் உடைக்கிறதா வேண்டியிருக்கேன். உன் ஆண்டெனாவை ஏத்து!"

பந்தலில் மிஞ்சிய மூங்கிலைச் சுமந்துகொண்டு இரண்டு கூரைக்கும் ஏறினேன். அப்பாதான் கயிறு போட்டார். (லோரிச் சரக்குக்குப் போடும் முடிச்சு, புயலே வந்தாலும் அசையாது.) ஆண்டெனாக்கள் மயில் கொண்டைக்கு மேலே போனதும் திரையில் எழுத்துகள் மளமளவென்று வந்து விழுந்தன. வேலையும் நிரந்தரமானது. என் டிசைனில் தப்பே இல்லை. அதை இன்றும் யாரிடமும் வாதாடுவேன்.

ஆனால் வீட்டில் யாருடைய போன் பாதியில் நின்றாலும், டிவியில் படம் நடுங்கினாலும், அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே என்னைக் கேட்பார்:

"இப்ப எங்கடா கட்டுன மயில?"