கையெழுத்து அண்ணையின் கறுப்புக் கரைக் கடிதம்

விக்டோரியா காலத்தை மகாராணியாருக்கு அடுத்தபடியாகக் கட்டி ஆண்டவர் லண்டன் இல்ஃபோர்டில் இருந்த கையெழுத்து அண்ணைதான். இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. அவர் வீட்டு மாடியறையில் வாடகைக்கு இருந்தவன் நான்.

அந்தக் கால எழுத்தாளர்களும் மேடை நடிகர்களும் கையெழுத்திட்ட கடிதங்கள்தான் அவர் உயிர். 'கையெழுத்து அண்ணை' என்ற பெயரைக் கேள்விப்பட்டு, பாஸ்போர்ட் படிவத்தில் கையெழுத்து வாங்க வந்தவர்கள் பலர். "தம்பி, செத்த ஆக்களின்ர கையெழுத்துத்தான் என்னட்டை இருக்கு" என்று தேத்தண்ணி கொடுத்து அனுப்புவார். வந்தவர் படிவத்தில் போட்ட கையெழுத்துக்கும் மதிப்பெண் சொல்லாமல் விடமாட்டார்.

ஒருநாள் ஏலத்தில் எடுத்த ஒரு நடிகையின் கடிதத்தோடு துள்ளிக்கொண்டு வந்தார். நாடகக் கொட்டகையில் மறந்துவிட்ட கையுறையைத் தேடித் தரச் சொல்லி அந்த அம்மாள் எழுதியது. தாயை இழந்திருந்த நேரமாம். அந்நாளைய வழக்கப்படி தாளைச் சுற்றிக் கறுப்புக் கரை.

நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி வாசலிலேயே மறித்தார். "என்னப்பா, செத்தவீட்டுக் கடிதத்தை வீட்டுக்குள்ள கொண்டு வாறியள்?"

"இது நடிகை கையுறை கேட்டு எழுதினதப்பா!"

"ஆர் எழுதினால் என்ன? கரை கறுப்புத்தானே?"

நூலகக் கண்காட்சிக்கு அந்தக் கடிதத்தைத் தருவதாக அண்ணை வாக்குக் கொடுத்து, ஊரெல்லாம் சொல்லியும் விட்டார். கண்காட்சியன்று காலை உறையைத் திறந்தவர் அலறிய அலறலில் நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். கடிதத்தின் நான்கு மூலையிலும் மஞ்சள், கலியாணக் கார்டுக்குப் பூசுவது போல!

"செத்தவீட்டுத் துடக்குப் போகட்டும் எண்டு தடவினனான்" என்றார் அக்கா, வெகு சாதாரணமாக.

"தம்பி, என்ர மானம் போச்சு" என்று அண்ணை படியில் குந்திவிட்டார். ஆனாலும் கொடுத்த வாக்காயிற்றே, மூவரும் போனோம்.

நூலக அம்மையார் குனிந்து பார்த்து, "இது என்ன மஞ்சள்?" என்று கேட்டார். தேநீர்க் கறை என்று அண்ணை சமாளிப்பார் என நினைத்தேன். அவரோ அக்காவைத் திரும்பிப் பார்த்தார். பட்டுச்சேலை கட்டி, சிரித்த முகத்தோடு நின்றார் அக்கா. அண்ணை டையைச் சரிசெய்துகொண்டு ஆங்கிலத்தில் முழங்கினார். தமிழில் அது இப்படி வரும்: "உது என்ர மனிசி பூசினது. அந்தப் பிள்ளை தாய்க்குத் துக்கம் காத்துக்கொண்டே இருந்தது. என்ர மனிசிதான் மஞ்சள் பூசி அதை முடிச்சு வைச்சவ. இப்பிடி ஒரு கடிதம் உலகத்தில ஒருத்தரிட்டையும் இல்லை."

அம்மையார் விளக்க அட்டையில் நடிகையின் பெயருக்குக் கீழே அக்காவின் பெயரையும் எழுதினார். அண்ணை கடிதத்தை விட்டுவிட்டு அந்த அட்டையைத்தான் படம் பிடித்துக்கொண்டே இருந்தார்.

முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் துக்கத்தையும் தம் வீட்டுத் துக்கமாய் எடுத்துக் கழித்த வீடு அது. அந்த வீட்டு மாடியில் இருந்தவன் நான் என்று இன்றும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்லிக்கொள்கிறேன்.