மஞ்சள் கூட்டத்தில் ஒரு பச்சைக்காரர்

மஞ்சள் துண்டைக் கழுத்தில் சுற்றியதுமே செவெரியானோவுக்கு அரிக்க ஆரம்பித்துவிட்டது. பச்சைத் துண்டில் பொதிந்து வளர்த்த உடம்பு. அந்த ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைப்பதற்கு முன்பே கட்சியை வைத்துவிடுவார்கள்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க, அரிப்பு நிக்கும்," என்றாள் மனைவி நிம்ஃபா.

"சும்மா இருடி! தலைநகர் அசுன்சியோன்ல இருந்து கட்சி உத்தரவு. மஞ்சக் கூட்டத்துக்கு நம்மாளுங்க போறாங்களான்னு வேவு பாக்கணும். எவனாச்சும் போனா என் வட்டத் தலைவர் பதவி காலி. எங்கப்பன் உட்கார்ந்த நாற்காலிடி அது!"

"நாற்காலி இருக்கு. உங்கப்பா பேசின பேச்சு எங்க? உழறவனுக்கு நிலம்னு சொன்ன பச்சை, இப்ப சோயா முதலாளிக்கு வித்துடுங்குது. எல்லாத்தையும் விக்கணும்னு அலைஞ்ச மஞ்ச, விக்கக் கூடாதுங்குது. இன்னும் இருபது வருஷத்துல மறுபடி மாத்திப் பேசுவானுங்க. நீங்க துண்டைத் துவைச்சுக்கிட்டே இருங்க."

செவெரியானோ தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மனைவி சொல்வது சரியாக இருந்தால் ஆண்பிள்ளைக்கு வேறென்ன வழி?

மைதானத்தில் வினோதமான கூட்டம். முன்வரிசை காலி, கடைசி வரிசையில் நெரிசல். எல்லோரும் தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தார்கள். வெயில் அப்படி என்று நினைத்துக்கொண்டார். பின்னால் ஒளிய இடமில்லாமல், யார் கண்ணிலும் படக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். அதுதான் வினையாயிற்று. மேடையிலிருந்தவர்கள் கண்ணெல்லாம் அவர்மேல்.

"என்ன பெரியவரே, கை தட்ட மாட்டேங்கிறீங்க? சுளுக்கா?" என்றான் மஞ்சள் சட்டைத் தொண்டன் ஒருவன்.

சந்தேகம் வரக் கூடாதென்று தட்டினார். கொஞ்சம் பலமாகவே தட்டிவிட்டார்.

மேடையில் பேச்சாளர் முழங்கினார்: "நிலம் உழறவனுக்கு! பருத்தி விலையை விளைவிக்கிறவன் சொல்லணும்!"

செவெரியானோ நிமிர்ந்தார். அச்சு அசல் அப்பன் பேச்சு! கட்சிக்காரன் வாயை நம்பினால் கோவணமும் மிஞ்சாது என்பது அவருக்குத் தெரியும். ஆனால் ரத்தத்துக்குத் தெரியவில்லையே. எழுந்து நின்று, "சரியாச் சொன்னடா!" என்று கத்திவிட்டார்.

"ஆஹா! அந்த ஐயாவை மேலே ஏத்துங்க!"

"ஐயோ, வேண்டாம் தம்பி, எனக்கு மூட்டு வலி!"

வலிக்கிற மூட்டோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய் மைக் முன்னால் நிறுத்தினார்கள். ஒரே வரி சொல்லிவிட்டு இறங்கிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தார். வாய் மூடவில்லை. அப்பன் பேசியது, தான் பேச நினைத்து விழுங்கியது, எல்லாம் அணை உடைந்த மாதிரி வந்தது. "பச்சையாவது மஞ்சளாவது! மண்ணு விக்கிறதுக்கில்லடா!" என்று முடித்தபோது அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது.

மைதானமே அதிர்ந்தது. "செவெரியானோ! செவெரியானோ!" என்று ஆயிரம் தொண்டைகள் கத்தின.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பெயரை அவர் சொல்லவே இல்லை! இவ்வளவு பேருக்குத் தெரிந்துவிட்டதென்றால் பொழுது சாய்வதற்குள் அசுன்சியோனுக்குச் சேதி போய்விடும். அப்பன் நாற்காலி அவ்வளவுதான்.

மேடைக்குப் பின்புறமாகக் குதித்து ஓடினார். அங்கே ஒரு கிழவி கூடையில் சுடச்சுடச் சிப்பா ரொட்டி விற்றுக்கொண்டிருந்தாள்.

"தாயே, வெளிய போக வழி இருக்கா? நான் பச்சைக் கட்சி வட்டத் தலைவர். வேவு பாக்கத்தான் வந்தேன், சத்தியமா! இந்த மஞ்சப் பயலுகளுக்கு என் பேர் எப்படித் தெரிஞ்சுதோ, மாட்டிக்கிட்டேன்!"

கிழவி கூட்டத்தை ஒரு பார்வை பார்த்தாள்.

"எந்த மஞ்சப் பயலுக? காலையிலேருந்து அத்தனை பேரும் எங்கிட்ட இதே சத்தியத்தைத்தான்யா பண்றீங்க. இந்த மைதானத்துல நிஜ மஞ்சக்காரன் ஒருத்தனைக் காட்டு, கூடையோட ஓசியா எடுத்துக்க!"