ஞாயிறு வரை காயணும்

நான்காவது நாளும் கற்பூரவல்லி காயவில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் காய்ந்தே ஆகவேண்டும். அன்றைக்குத்தான் சிந்துவின் தோழி லீனா டொராண்டோவுக்குக் கிளம்புகிறாள். அங்கே இருக்கும் சிந்துவின் தங்கைக்கு இருமல். ஒரு சண்டைக்குப் பிறகு மூன்று வருடமாக அக்காவோடு பேசாதவள், லீனா மூலமாக இந்த இலையைத்தான் முதன்முதலாகக் கேட்டிருந்தாள்.

"பச்சையா குடுத்தா ஏர்போர்ட்லயே புடுங்கிடுவாங்க. காய வெச்சுக் குடு" என்றாள் லீனா.

திங்கட்கிழமை சிந்து, தொட்டியில் இருந்ததையெல்லாம் கிளையோடு ஒடித்துப் பால்கனியில் பேப்பர்மேல் பரப்பினாள். ஆபீஸ் வேலைக்காக ஹெட்போனை மாட்டுமுன், வீட்டு வேலைக்கு வரும் லட்சுமம்மாவிடம் சொன்னாள்.

"இது நல்லா காயணும். நீங்களும் பாத்துக்கோங்க."

"எத்தன நாள் காயணும்க்கா?"

"ஞாயித்துக்கிழம வரைக்கும்."

"ஆய்த்து, சரிக்கா, நான் இருக்கேன்."

சாயங்காலம் பார்த்தால் பேப்பர் நனைந்திருந்தது.

"பெங்களூர் தூறல்" என்றான் கணவன் ரகுராம். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கொத்தாகக் கட்டி ஹாலில் தொங்கவிட்டாள். மறுநாள் தரையில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்.

"உள்ள இருக்கற ஈரத்த விடுது. நல்லதுதான்" என்றான் அவன்.

படுக்கையறைக்கு மாற்றி, ஃபேனை ஐந்தில் வைத்தாள். ராத்திரி ரகுராம் ஸ்வெட்டரும் குல்லாயுமாக உட்கார்ந்து லேப்டாப்பைத் தட்டினான். வியாழக்கிழமை இருமத் தொடங்கினான்.

"ரெண்டு இல குடேன்."

"அது கனடாவுக்கு."

மெத்தையின் ஓரம் ஈரமாக இருந்தது. சிந்து அவனைப் பார்த்தாள்.

"என்னை ஏன் பாக்கற?"

தன் கையில் எதுதான் காய்ந்திருக்கிறது என்று அவள் யோசித்தாள். மூன்று வருடக் கோபமே தொட்டால் பிசுபிசுக்கிறது. இலையை மட்டும் குறை சொல்வது நியாயமாகப் படவில்லை.

ஞாயிறு காலை லீனா வந்தாள். கீழே டாக்ஸி காத்திருந்தது. சிந்து கொத்தை நீட்டினாள். நுனிகளில் புதுத் துளிர். ஒரு காம்பில் வெள்ளை வேர் எட்டிப் பார்த்தது.

"காய வெக்கச் சொன்னா வளத்து வெச்சிருக்க. உன் தங்கச்சிகிட்ட நான் என்னடி சொல்ல?"

சிந்து வேரைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் ஈரமாத்தான் இருக்குன்னு சொல்லு."

கையில் ஸ்பிரே பாட்டிலோடு லட்சுமம்மா சமையலறையிலிருந்து பெருமையாக வந்தாள்.

"நல்லா காயணும்னு நீங்கதானக்கா சொன்னீங்க? எங்க கன்னடத்துல காயோதுன்னா காவல் காக்கறது. ஒரு இல வாடல பாருங்க, தெனம் ரெண்டு தடவ தண்ணி அடிச்சுக் காத்திருக்கேன்."