பாயிண்ட்டு அண்ணன் பார்த்த இன்டர்நெட்

பூமிக்கு அடியில் ஓடும் தண்ணீரும் ஆகாயத்தில் அலையும் இன்டர்நெட்டும் இந்த உலகத்தில் ஒரே ஒரு மனிதருக்குத்தான் கட்டுப்பட்டன. அவர் திண்டுக்கல்லில் எங்கள் வாடகை வீட்டின் கீழ் போர்ஷனில் குடியிருந்தார். பெயர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. போர்வெல் போட இடம், அதாவது பாயிண்ட்டு, பார்த்துச் சொல்வது தொழில் என்பதால், பாயிண்ட்டு அண்ணன். குடுமித் தேங்காய் ஒன்றை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு தோட்டங்காட்டில் நடப்பார். தேங்காய் எழுந்து நின்றால் அங்கே தண்ணீர் இருக்கிறது என்று அர்த்தம்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் சின்னாளபட்டிப் பக்கம் சொந்த வீடு கட்டிக்கொண்டிருந்தோம். அது முடிகிற வரை, பத்து மாதத்துக்கு இந்த மாடி போர்ஷன். ஜன்னலைத் திறந்தால் சிறுமலை நீலமாகத் தெரியும். மதியக் காற்று கொடியில் கிடக்கும் சேலையை உலர்த்தி, விட்டால் மடித்தும் வைத்துவிடும். இன்டர்நெட் மட்டும் கிடையாது. டெலிபோன் ஆபீசில் போய்க் கேட்டேன்.

"பத்து மாசத்துக்காம்மா? லைன் வரவே எட்டு மாசம் ஆகுமே" என்றார் அங்கிருந்தவர். நல்ல மனிதர், பொய் சொல்லவில்லை.

எனக்கு வீட்டிலிருந்தே வேலை. வெளிநாட்டு டாக்டர்கள் பேசிய ஒலிப்பதிவுகளைக் காலையில் இறக்கி, கேட்டுத் தட்டச்சு செய்து, சாயங்காலம் ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். மூன்று தடவை தவறினால் வேலை போய்விடும். வேலை போனால் சொந்த வீடு லிண்டல் மட்டத்திலேயே நின்றுவிடும். பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் கரண்டு போய் ஒரு தடவை தவறவிட்டேன். செல்போன் சிக்னலில் ஓடும் டேட்டா கார்டு ஒன்றை இரவல் வாங்கி லேப்டாப்பில் செருகி, சிக்னல் கிடைக்காமல் இரண்டாவது தடவை. மிச்சம் இருந்தது ஒரே ஒரு தடவை. அந்த நாட்களில் கீபோர்டைத் தொட்டாலே என் விரல்கள் நடுங்கும்.

விளம்பரத்தில் பார்த்த கம்பெனியின் டேட்டா கார்டை வாங்கிவிடலாம் என்று என் கணவர் கிளம்பினார். அறிவியல் வாத்தியார். வாசலில் பாயிண்ட்டு அண்ணன் மறித்தார்.

"வாத்தியாரே, போர் போடாம மோட்டாரு வாங்குவீகளா? மொதல்ல பாயிண்ட்டப் பாருங்க. கம்பெனிய பெறகு பாத்துக்கிரலாம்."

"இன்டர்நெட்டுக்கு ஏதுண்ணே பாயிண்ட்டு?"

"ஓடுறது எதுவா இருந்தாலும் ஊத்துன்னு ஒண்ணு இருக்கும்ல? நாலு நாள் பொறுங்க. நாளு பாத்துத்தான் தேங்காயத் தொடுவேன்."

வேலை தரும் கம்பெனியில் கெஞ்சி நான்கு நாள் லீவு வாங்கினேன். அந்த நான்கு நாளும் மொட்டை மாடியில் யாரோ நடக்கும் சத்தம். வீட்டுக்காரர் தொட்டி பார்க்கிறார் போலும் என்று விட்டுவிட்டோம்.

ஐந்தாம் நாள் அண்ணன் குளித்து, திருநீறு பூசி, செருப்பில்லாமல் வந்தார். தெருவே பின்னால் வந்தது. இரும்பு ஆகாது என்றார். நான் சேஃப்டி பின்களைக் கழற்றினேன். கணவர் சாவிக்கொத்தையும் பெல்ட்டையும் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு கையால் பேண்ட்டைப் பிடித்தபடி கூடவே வந்தார்.

ஹாலில் தேங்காய் நன்றாகத் தூங்கியது. படுக்கையறையிலும் தூக்கம்தான். அடுப்படியில் லேசாக ஆடியது.

"எந்திரிக்குது, எந்திரிக்குது!" என்று கத்தினார் மளிகைக் கடைக்காரர்.

"கை வலிக்குதுய்யா, சும்மா இரும்" என்றார் அண்ணன்.

மொட்டை மாடிக்கு ஏறினோம். காற்று எல்லாரையும் ஒரு பக்கமாகத் தள்ளியது. தண்ணீர்த் தொட்டியின் தென்மேற்கு மூலையில் அண்ணன் நின்றார். தேங்காய் மெல்லப் புரண்டு, குடுமி வானத்தைப் பார்க்க எழுந்து நின்றது. எனக்கு என்னவோ மாடியே தரையை விட்டு ஓர் அங்குலம் எழும்பியது போலிருந்தது.

"இங்கனதான். நம்ம பால்காரரு செல்லுல வச்சிருக்க கம்பெனி. தெக்காம பாத்து உக்காரு தாயி."

"தேங்காய்க்குக் கம்பெனி எல்லாம் எப்படிண்ணே தெரியும்?" என்றார் வாத்தியார்.

"அது பால்காரரையே பாத்துக்கிட்டு நிக்குதே, தெரியலையா?"

பால்காரர் பயந்துபோய் ஒதுங்கி நின்றார்.

அதே கம்பெனியின் டேட்டா கார்டு வந்தது. தொட்டி ஓரமாக நாலு கீற்றுப் போட்டு உட்கார்ந்தேன். முதல் ஃபைலை அனுப்பும்போது மணி நாலு நாற்பது. மலைக்கோட்டைக்கு மேலே ஒரு மேகம் போய்க்கொண்டிருந்தது. என் ஃபைலும் அதே வேகத்தில்தான் போனது. நாலு ஐம்பத்திரண்டுக்கு இரண்டும் கரை சேர்ந்தன. கீழே இருந்து, "போயிருச்சா?" என்று தெருவே கேட்டது. அதற்கப்புறம் மிச்ச மாதங்களில் ஒரு நாளும் தவறவில்லை.

அண்ணன் புகழ் பரவியது. தன் பெண்ணுக்கு எந்தத் திசையில் மாப்பிள்ளை என்று தையல்காரர் வந்து கேட்டார். "அதுக்கு எளநி வேணும். இது முத்துன காயி" என்று அனுப்பிவிட்டார்.

வீடு முடிந்து காலி செய்கிற வாரம், தொட்டிக்குப் பின்னால் கீற்றைப் பிரித்தேன். சுவரில் கரிக்கட்டையால் கிறுக்கியிருந்தது. 'ம 1, அ 2, பா 4, மதியம்.' அதன் கீழே, 'பா 4, அஞ்சு மணி.' தேடிப் பார்த்தால் மாடிப்படி மூலையில் 'ம 0'. ஜன்னல் திண்டுக்கு வெளியே 'பா 2, அ 1'. மளிகைக் கடைக்காரர், அயர்ன்காரர், பால்காரர் மூன்று பேரின் செல்போன்களையும் இரவல் வாங்கி, நான்கு நாளும் காலை, மதியம், மாலை என்று ஒவ்வொரு மூலையிலும் நின்று சிக்னல் கட்டைகளை எண்ணி எழுதியிருக்கிறார் மனிதர்.

படியிறங்கி ஓடினேன். "அண்ணே, அப்ப தேங்கா?"

அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "தேங்கா எனக்கில்ல தாயி, ஒனக்கு. கையி அம்புட்டு நடுக்கம் நடுங்குச்சுல்ல? கணக்கச் சொன்னா நடுக்கம் நிக்குமா?"

எனக்கு அழுகை வந்துவிட்டது.

இப்போது சொந்த வீட்டுக்குள்ளேயே நல்ல வேகமான இணைப்பு இருக்கிறது. அந்த மோடம் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குடுமித் தேங்காய் வைத்திருக்கிறேன். என்றைக்காவது நெட் நின்றுபோனால், அறிவியல் வாத்தியார் பெல்ட்டைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போகிறார். நான் அந்தத் தேங்காயை எடுத்து உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொள்கிறேன். அது ஒரு நாளும் எழுந்து நின்றதில்லை. என் கை மட்டும் நடுங்காமல் இருக்கிறது.