மூணு வருசம் நகராத மேகம்

ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், தேயிலைத் தோட்டத்துக் கீழ் டிவிசன் மாரியம்மன் கோயிலில் கால் வைக்க இடமிருக்காது. டிக்கோயாவிலிருந்து நடந்து வந்தார்கள். வட்டகொடையிலிருந்து ரயிலேறி வந்தார்கள். உடப்புசல்லாவையிலிருந்து ஒரு கூட்டம் வேன் பிடித்தே வந்தது. எல்லாம் மைவெளிச்சச் சாமியைப் பார்க்கத்தான்.

சாமி உட்கார்ந்த இடத்தை விட்டு அசைய மாட்டார். வெற்றிலையில் மையைத் தடவி, கண்ணுக்கு நேரே பிடித்து, மலைக்கு அந்தப் பக்கம் தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை, லயத்தை, அப்படியே சொல்லிவிடுவார்.

"லயத்துக்குப் பின்னால ஒரு ஓடை. ஓடையத் தாண்டி வளைஞ்சு போற ரோடு. சரியா?"

சரிதான். கேட்டவர்களுக்குப் புல்லரித்துப் போகும். அதற்குப் பிறகு செய்வினை, தகடு, பரிகாரம் என்று அவர் எதைச் சொன்னாலும் தலையாட்ட வேண்டியதுதானே.

ஒரு சின்ன நிபந்தனை மட்டும் உண்டு. இடத்தை வெள்ளிக்கிழமையே சொல்லிவிட வேண்டும். பெக்டரியிலிருந்து எத்தனையாவது வளைவு, மேலேயா கீழேயா என்று வழியும் சொல்ல வேண்டும். பாவம், அம்மனுக்கு வழி தெரியாது போலிருக்கிறது. சனிக்கிழமை சாமி விரதம். அந்த விரதத்தை ஹற்றன் பஸ்ஸில் ஏறிப் போய்த்தான் இருப்பார். ஏன் என்று ஒரு ஆளும் கேட்கவில்லை.

பத்தாம் லயத்துக்காரர்கள் பாடுதான் திண்டாட்டம். "அங்க பனி மறைக்குது. ஆத்தா தடுக்கிறா" என்று சொல்லி, தடை நீக்க அவர்களிடம் சேவலும் தனித் தட்சணையும் வாங்கினார். பழனியாண்டித் தாத்தாவுக்கோ, இந்தியாவில் மணப்பாறைப் பக்கம் அவருடைய அப்பா பிறந்த ஊரையே பார்த்துச் சொன்னார். மூன்று குளம், நடுவில் ஒரு கோயில். அப்பா சொன்னதும் அதேதான். கிழவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுதவரிடமும் சாமி தட்சணை வாங்கத் தவறவில்லை.

இந்தக் கூத்தெல்லாம் நடக்கும்போது மார்கிரட் தன் பாட்டில் புவியியல் படிப்பித்துக்கொண்டிருந்தாள். தோட்டப் பாடசாலை டீச்சர், அதே தோட்டத்து லயத்தில் பிறந்தவள். பாடசாலைக்கு ஒரே ஒரு கம்பியூட்டர். அதற்காக அவள் ஏறி இறங்காத அரசாங்கக் கந்தோர் இல்லை. இணையம் கிடையாது. அதனாலென்ன? பள்ளி விட்டதும் ஹற்றனுக்குப் போய், நெற் கபேயில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடம், கணக்கு விளையாட்டு, எரிமலைப் படம் எல்லாவற்றையும் பென் டிரைவில் அள்ளிக்கொண்டு வருவாள். அன்றைக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் இன்டர்வல் மணி அடித்தாலும் எழும்ப மாட்டார்கள்.

ஒரு நாள், வானத்திலிருந்து எடுத்த தங்கள் தோட்டத்துப் படத்தையே கொண்டுவந்து காட்டினாள். பிள்ளைகள் பெக்டரியைக் கண்டுபிடித்தார்கள், கோயிலைக் கண்டுபிடித்தார்கள். பத்தாம் லயம் இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு திட்டு.

"அங்க பனி மறைக்குது டீச்சர். சாமியும் இப்பிடித்தான் சொன்னாரு" என்றது வகுப்பு.

சிரிக்கப் போன மார்கிரட், பாதியில் நிறுத்தினாள். படத்தின் அடியில் இருந்த தேதியைப் பார்த்தாள். மூன்று வருடப் பழசு. அவளுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது.

டீச்சர் பெட்டியிலும் லயம் தெரியுதாம் என்ற செய்தி கோயிலுக்கும் போனது. அந்த ஞாயிறே சாமி அருள் வந்து ஆடினார்.

"பள்ளிக்கூடத்துப் பெட்டி என் கண்ணத் திருடுது. அதாலதான் ஒங்களுக்கு வேல நாள் கொறையுது. அடுத்த ஞாயித்துக்கெழம அத என் காலடியில கொண்டாந்து வைக்கணும்."

தோட்டத் தலைவர் அழகுமுத்து மறுநாளே அதிபரிடம் வந்து நின்றார். அதிபர் சிவபாதம் யாழ்ப்பாணத்துக்காரர், வம்பு தும்புக்குப் போகாதவர்.

"நான் என்ன செய்யிறது டீச்சர்? சனம் கேட்டால்தானே? குடுத்துவிடுவம்" என்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

மார்கிரட்டுக்கு ஆத்திரத்தில் கண் கலங்கியது. இது போனால் இன்னொன்று வராது. பிள்ளைகள் மறுபடியும் கிழிந்த அட்லஸில் உலகத்தைத் தேடவேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை அவளும் வெற்றிலையோடு வரிசையில் நின்றாள். "மேமலை டிவிசன்ல காலையில வேலைக்குப் பேர் குடுக்கிற பெரட்டுக் களத்தப் பாக்கணும் சாமி" என்று வழியும் சொன்னாள். வேதக்கார டீச்சரே வந்துவிட்டார் என்று சாமிக்கு வாயெல்லாம் பல்.

ஞாயிற்றுக்கிழமை கம்பியூட்டரைத் தானே கோயிலுக்குக் கொண்டுவந்து, கோயில் கரண்டிலேயே மாட்டினாள்.

"மொதல்ல என் எடத்தச் சொல்லுங்க சாமி. அப்புறம் பெட்டிய வச்சுக்கங்க."

சாமி மையைப் பார்த்தார். "பெரட்டுக் களம். கெழக்கு மூலையில பெரிய மரம். கொட மாதிரி விரிஞ்சு நிக்குது. ஆத்தா அதுலதான் குடியிருக்கா."

மேமலையில் கொழுந்தெடுக்கும் நாகலெட்சுமி எழும்பினாள்.

"எந்த மரம் சாமி?"

"இந்தா, இப்பவும் காத்துல ஆடுதே."

"அது காத்துல விழுந்து ரெண்டு வருசமாச்சுங்க. வெறகா எரிச்சு சோறும் பொங்கித் தின்னுட்டோம். இப்ப அங்க பிள்ளைக் காம்பரா கட்டியிருக்கு. என் பேரனையே அங்கதான் விட்டுட்டு வேலைக்குப் போறோம்."

"அது... மரத்தோட ஆவி" என்றார் சாமி. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள்.

மார்கிரட் திரையைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். பெரட்டுக் களம். கிழக்கு மூலை. குடை மாதிரி விரிந்த மரம்.

"இது வானத்துலருந்து எடுத்த பழைய போட்டோங்க. ஹற்றன்ல யாரு வேணுன்னாலும் சும்மா பாக்கலாம். சாமி சனிக்கிழமை போயி இதத்தான் பாத்துட்டு வர்றாரு. பத்தாம் லயத்த மறைக்கிறது ஆத்தா இல்ல, போட்டோ எடுத்தப்ப நின்ன மேகம். மூணு வருசமா நகராத மேகத்துக்குத்தான் சேவல் குடுத்திருக்கீங்க."

தலைவர் அழகுமுத்து கோபத்தோடு திரும்பினார். சாமி உட்கார்ந்திருந்த மனையில் வெற்றிலைதான் இருந்தது. சாமி ஹற்றன் பஸ்ஸை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார். அந்த பஸ்ஸை மட்டும் மை இல்லாமலே சரியாகப் பார்த்துவிட்டார்.

பழனியாண்டித் தாத்தா தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார். "அப்ப எங்கப்பா ஊரும் பொய்யாம்மா?"

"ஊரு நெசந்தான் தாத்தா. சாமிதான் பொய்." தேடிக் கொண்டுவந்திருந்த படத்தைத் திறந்தாள். மூன்று குளம், நடுவில் கோயில். கிழவர் விரலால் குளத்தைத் தொட்டுப் பார்த்தார்.

பெட்டி பத்திரமாகப் பாடசாலைக்குத் திரும்பியது. திங்கட்கிழமை காலை மார்கிரட் வகுப்புக்குள் நுழைந்தாள். திரையில் பட்டையாக விபூதி, நடுவில் குங்குமம், மேலே செவ்வந்தி மாலை. முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு தலைவர் அழகுமுத்து.

"சக்தி உள்ள பெட்டிங்க டீச்சர். அடுத்த மாசம் வேல நாள் கூடுமான்னு கேட்டுச் சொல்லுங்க."

மார்கிரட் முந்தானையால் விபூதியைத் துடைத்தாள்.

"இது நெத்தி இல்லங்க தலைவரே. நெத்தி ஒங்களுக்குத்தான் இருக்கு. அதுக்கு வெளிய பூசினது போதும். உள்ள இருக்கிற பெட்டிய ஒரு நாளாவது போட்டுப் பாருங்க. அதுவும் இலவசந்தான்."