தூண்டிலுக்கு வைத்திருந்த ஐந்து கணவாய்

எதையாவது அளந்துவிட்டால் அது என் சொல்லைக் கேட்கும் என்று நம்புகிற ஆள் நான். படித்தது மின்னணுப் பொறியியல். கடைக்குப் போனாலும் பட்டியல், காதலித்தாலும் பட்டியல். (சால்வோவிடம் அதை இன்னும் காட்டவில்லை.) அப்படிப்பட்ட நான் என் கல்யாணத்தையே கிட்டத்தட்டக் கடலில் போட்டுவிட்டு வந்தேன்.

சால்வோ இத்தாலியன், நாங்கள் வந்து குடியேறிய பலேர்மோ நகரத்துக்காரன், என்னோடு வேலை செய்பவன். இவனைத்தான் கட்டப்போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது அம்மா அழவில்லை, கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "முதல்ல அவையின்ரை ஆக்களைப் பாப்பம். பிறகு கதைப்பம்" என்று சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

சால்வோவுக்கு அம்மா இல்லை, அப்பா மட்டும்தான். அவருக்கு ஒரு சின்னப் படகு இருக்கிறது. ஆட்களை அறியவேண்டுமானால் அவர் வீட்டுக்குக் கூப்பிடமாட்டார், மீன்பிடிக்கக் கூட்டிப்போவார். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அம்மாவும் நானும் துறைமுகத்துக்குப் பக்கத்திலுள்ள படகுத்துறையில் போய் நின்றோம். (அப்பா, ஞாயிற்றுக்கிழமையில் இல்லாத வேலையைச் சொல்லி நழுவிவிட்டார்.)

பிடிக்கப் போனது ரிச்சோலா. ஆளையே கடலுக்குள் இழுத்துவிடக்கூடிய பெரிய மீன். செத்த இரையைத் திரும்பியும் பார்க்காது. உயிருள்ள கணவாயைத் தூண்டிலில் கோத்து, படகை நடை வேகத்தில் ஓட்டி, பின்னால் அதை நீந்தவிட வேண்டும். சால்வோவின் அப்பா முந்தின நாள் முழுக்கத் தவம் கிடந்து ஐந்து கணவாய் பிடித்து, கடல்நீர்த் தொட்டியில் விட்டிருந்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "இரைக்கு நான் பொறுப்பு" என்றேன். தொட்டியில் ஒரு கருவியைப் பொருத்தினேன். நீரின் சூடும் ஆக்சிஜனும் என் கைபேசியில் தெரியும். சரியென்றால் பச்சை, பிசகினால் சிவப்பு, கூடவே அலறல். சால்வோவின் அப்பாவுக்கு இதைப் பற்றி நீண்ட விளக்கமும் கொடுத்தேன். அவர் மரியாதையாகக் கொட்டாவி விட்டார்.

தலைசுற்றாமல் இருக்க அடிவானத்தைப் பார்க்கவேண்டும் என்று அம்மாவுக்கும் அறிவுரை சொன்னேன். அந்த நேரம் பார்த்து, நேப்பிள்ஸுக்குப் போகும் பெரிய கப்பல் கிளப்பிய அலை வந்து படகைத் தூக்கிப் போட்டது. அம்மா அசையவில்லை. நான் விளிம்பில் தொங்கி, காலையில் சாப்பிட்ட இடியப்பத்தை ரிச்சோலாக்களுக்குப் படைத்தேன். பிறகு கைபேசியை நெஞ்சில் வைத்துக்கொண்டு சுருண்டுவிட்டேன். இடைக்கிடை ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பேன். பச்சை. நிம்மதியாக மூடிக்கொள்வேன்.

"வந்துவிட்டோம், இரையைக் கொண்டா!" என்று சால்வோவின் அப்பா முன்பக்கத்திலிருந்து கூவினார். அவரும் சால்வோவும் அதுவரை அங்கே நின்று மீன் இருக்கும் இடத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து, பச்சை விளக்கைப் பெருமையாக உயர்த்திக் காட்டியபடி தொட்டியின் மூடியைத் திறந்தேன். தண்ணீரின் சூடு பிரமாதம். ஆக்சிஜன் பிரமாதம். கணவாய்தான் இல்லை.

பின்பக்கம் திரும்பினேன். அம்மா கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு தட்டில், தோல் உரித்து, மை எடுத்து, வட்டம் வட்டமாக வெட்டி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிரட்டிய கணவாய். (மிளகாய்த்தூள் எங்கிருந்து வந்தது என்று கேட்பவர்கள் என் அம்மாவின் கைப்பையைப் பார்த்ததில்லை.)

"அம்மா! என்ன வேலை செய்தனீங்கள்?"

"ஏன்? கூட்டிக்கொண்டு வந்தவையின்ரை படகிலை கையைக் கட்டிக்கொண்டு இருக்கிறதே? நீ படுத்திட்டாய். மத்தியானம் எல்லாருக்கும் பசிக்குமெல்லே."

"அது தூண்டிலுக்கு அம்மா!"

"இஞ்சை இருக்கிற பெரிய கபோ சந்தையிலைகூட இப்பிடிக் கணவாய் கிடையாது. இதைக் கொண்டுபோய் மீனுக்கோ குடுக்கிறது?" அம்மா உண்மையாகவே அதிர்ந்துபோனார்.

சால்வோவின் அப்பா வந்து பார்த்தார். காலித் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். சால்வோ வானத்தை ஆராயத் தொடங்கினான். என் கைபேசி மட்டும் எல்லாம் நலம் என்று ஒளிர்ந்தது.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக் காதுக்குள் சொன்னார்: "ஐயோ பிள்ளை, அந்த மனுசன்ரை முகத்தைப் பார். என்ரை விசர் வேலையாலை சம்பந்தம் குழம்பப் போகுது. இனி இப்பிடி ஒரு பெடியனுக்கு எங்கை போறது? நீதான் வெட்டச் சொன்னனீ எண்டு சொல்லு."

எனக்குத் தலைசுற்றல் சட்டென்று நின்றுவிட்டது. "அப்ப உங்களுக்கு இந்தக் கல்யாணத்துக்கு ஓமோ?"

"எனக்கு எப்பவோ ஓம். அவைக்கு ஓமோ எண்டதுதான் இப்ப கேள்வி."

சால்வோவின் அப்பா கோப்பி போடும் சின்ன அடுப்பை எடுத்து மூட்டி, அம்மாவின் முன்னால் வைத்தார். முதல் துண்டைத் தின்றதும் இருமினார், கண்ணால் நீர் வடிந்தது. மூக்கைத் துடைத்துக்கொண்டு அடுத்த துண்டை எடுத்தார். "ரிச்சோலாவுக்குக் கொடுத்துவைக்கவில்லை, சிஞோரா" என்று அம்மாவிடம் மரியாதையாகச் சொன்னார். அன்று ஒரு மீனும் பிடிக்காமல் வயிறு நிறையக் கரைக்கு வந்தோம்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் கேட்டு ஒரே ஒரு தமிழ் வசனத்தைப் பாடமாக்கினார்: "கறிக்கில்லை." தொட்டியில் இரை விடும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்து அதைச் சொல்வார். போகப்போக எதற்கும் சொல்லத் தொடங்கினார். கல்யாண மண்டபத்தில், கண்ணாடித் தொட்டியில் நீந்திய தங்கமீனைக் காட்டிச் சொன்னார். பக்கத்து வீட்டுப் பூனையைக் காட்டிச் சொன்னார்.

போன மாதம் எங்களுக்கு மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியில் தாதி குழந்தையை முதன்முதலில் அம்மாவின் கையில் கொடுத்தபோது, சால்வோவின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். பேத்தியை ஒரு விரலால் மெல்லத் தொட்டார். பிறகு அம்மாவிடம் மிகவும் கண்டிப்பாகச் சொன்னார்:

"கறிக்கில்லை."