மருமகனைத் திருப்பிக் கொண்டுவந்த காற்று மெசின்

கல்முனைக்குடி
18.06.1988

அன்புள்ள மச்சான் ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சிட்னிக் குளிருக்குள் நீயும் பிள்ளைகளும் சுகமாக இருக்க துஆச் செய்கிறோம். இங்கே நாங்களும் சுகம். முப்பது வருடமாக எல்லாக் கடிதத்திலும் இந்த வரியை வழக்கத்துக்காக எழுதி வந்தேன். இந்த முறை டாக்டரிடம் கேட்டு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய மெசின் மூன்று மாதத்துக்கு முன்பே முழுசாக வந்து சேர்ந்தது. கயிறு குறுக்கே கட்டாமல், அரக்கு வைக்காமல் பார்சல் அனுப்புவது ஓர் உப தபாலதிபரின் மச்சினன் செய்யும் வேலையல்ல. அது கிடக்கட்டும். உன் ராத்தா சரீபா, பெண்சாதி என்ற கடமைக்கு என் மரியாதையைக் காப்பாற்றப் பாதிக் கதையை விட்டுத்தான் உனக்கு எழுதியிருப்பாள். முழுவதையும் நான் எழுதுகிறேன்.

கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதானே நம் ஊர் வழக்கம். அதன்படி போன வருடம் நோன்புப் பெருநாள் கழிந்த கையோடு நம் மகள் ஸுல்பிகாவை முடித்த மர்சூக், இங்கே வந்து சேர்ந்தான். முன்னறையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு நானும் ராத்தாவும் அடுத்த அறைக்குப் போனோம். நடுவில் உள்ள சுவர் ஓடு வரைக்கும் போகாது என்பது, நீ பிறந்த வீடாகையால் உனக்கே தெரியும். பதினேழாம் நாள் காலை பிளேன்டி குடித்துவிட்டு, மர்சூக் ஒரு பையைப் பைசிக்கிளில் கட்டினான். "உம்மாவப் பாத்துட்டு வாறன்" என்று தாய் வீடு இருக்கும் சாய்ந்தமருதுக்குப் போனான். எட்டு நாளாகப் பார்த்துக்கொண்டே இருந்தான். இதற்கெல்லாம் ஸுல்பிகாவின் வாய்தான் காரணம் என்று அக்கம்பக்கத்து வளவுகளில் தீர்ப்பாகிவிட்டது. பிள்ளை சோற்றைத் தொடவில்லை. ஆள் அனுப்பிக் கேட்டால், "அறையில காத்தோட்டம் போதாது" என்று பதில் வந்தது. மாமனாரின் குறையை மாமனாரிடமே சொல்லும் மருமகன் நம் பக்கத்தில் இன்னும் பிறக்கவில்லை என்பதை நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் மேசனைக் கூப்பிட்டு இரண்டு ஜன்னல் வெட்டினேன். அதுவரை வீட்டுக்குள் இருந்த சத்தம் அதன் பிறகு ஒழுங்கையின் கடைசி வரைக்கும் போனது. மர்சூக் வந்தான், ஒரு நாள் தங்கினான், மறுபடியும் உம்மாவைப் பார்க்கப் போய்விட்டான்.

பிறகுதான் நம் குடிக்கு மரைக்காராக இருந்து வழக்குத் தீர்க்கும் கலந்தர் காக்கா அசர் தொழுகைக்குப் பிறகு பள்ளிவாசலில் விசாரணை வைத்தார். மர்சூக் பாயைப் பார்த்தபடி இருந்தான்.

"பொண்ணுல குறையா?"

"இல்ல."

"சாப்பாட்டுல?"

"ஒரு குறையுமில்ல."

"மறுகா என்ன மகன், வாயத் தொறந்து சொல்லுங்களன்."

இந்தக் கேள்வி வரைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. நான் கண் விழித்தபோது சபை முழுவதும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.  என் குறட்டை தொடங்கியதும் மர்சூக் என் பக்கம் விரலை நீட்டினானாம். கலந்தர் காக்கா கொப்பியை மூடிவிட்டு, "சாட்சி தானா வந்து சொல்லிட்டாரு. வேற விசாரணை என்னத்துக்கு" என்றார்.

அதன் பேரில்தான் உன் ராத்தா உனக்கு எழுதினாள். நீ அங்கே வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் விசாரித்து, இது வெறும் குறட்டை அல்ல, நித்திரையில் தொண்டை மடிந்து மூச்சு நிற்கிறது, நின்ற மூச்சைப் பிடிக்க உடம்பு திடுக்கிட்டு எழும்புகிறது, இப்படி மணித்தியாலத்துக்கு முப்பது நாற்பது தடவை என்று பதில் எழுதினாய். கொழும்பில் ஒரு பெரிய டாக்டரும் அதையே சொன்னார். அதாவது நான் இருபது வருடமாக நித்திரை கொள்ளவேயில்லை. அந்த இருபது வருடத்தில், தபால் கந்தோரில் தூங்குகிறேன் என்று என் மேல் மூன்று பெட்டிசம் போயிருக்கிறது. மெசின் வரும்வரை ஏழு மாதம் மர்சூக் பகலில் மாத்திரம் மருமகனாக இருந்தான். மத்தியானச் சோற்றுக்கு வருவான், பொழுதுபட முன் உம்மா வீட்டுக்குப் போவான்.

மெசினின் பிளக்கு நம் சுவருக்குப் பொருந்தவில்லை. பாண்டிருப்பில் ரேடியோ திருத்தும் இராசதுரை வந்து, பெட்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "போஸ்மாஸ்டர், தூசி உறிஞ்சிற மெசின மறுவளமா ஊத விட்டிருக்கானுகள்" என்றார். மடியும் தொண்டைக்குள் காற்றை ஊதித் திறந்து வைக்கும் அதன் முகமூடியை மூக்கில் மாட்டினால், ஓடுகிற லொறியிலிருந்து தலையை வெளியே நீட்டியது போல இருந்தது. வாயைத் திறந்தால் காற்று அந்த வழியால் போய்விடும். ஆகவே வாயை மூடிக்கொண்டே படுக்க வேண்டும். இந்த ஒரு குணத்துக்காகவே உன் ராத்தாவுக்கு மெசினைப் பிடித்துவிட்டது.

மெசினோடு படுத்த முதல் நாள் விடிய, சுபஹுத் தொழுகை நேரத்தில், பக்கத்து வளவு ஆயிஷா உம்மா வேலியால் வந்து, "சரீபா, சத்தத்தக் காணல்லியே, மௌத்தாகிட்டாரா?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்லகா, மூச்சு உட்டுக்கிட்டுத்தான் கிடக்காரு. இப்பதான் உடுறாரு."

எழும்பினேன். தலையில் பாரம் இல்லை. இரவில் நான்கு தடவை வெளியே போக எழும்புகிறவன் ஒரு தடவையும் எழும்பியிருக்கவில்லை. மூன்று மாதத்தில் பிரஷர் இறங்கியது. டாக்டர் நம்பாமல் இரண்டு தரம் அளந்து பார்த்துவிட்டுக் குளிசையைப் பாதியாக்கினார். மர்சூக் பையோடு திரும்பி வந்தான். ஸுல்பிகா சிரித்துக் கதைக்கிறாள். அல்ஹம்துலில்லாஹ்.

கஷ்டங்களும் உண்டு. மூக்கின் மேல் தழும்பு, தொண்டையில் வறட்சி. பெரிய கஷ்டம், விழித்திருப்பது. முன்பு உன் ராத்தா சொந்தக்காரர் கதையைத் தொடங்கினால் மூன்றாவது பெயருக்குள் நான் நித்திரை. இப்போது முடிவு வரைக்கும் கேட்கிறேன். அதற்கு முடிவு இல்லை என்பதும் தெரிந்துவிட்டது. கூட்டங்களில் நான் தூங்கித் தலையாட்டியதைச் சம்மதமாக எடுத்து, ஐந்து சங்கங்களுக்கு என்னைச் செயலாளராக்கியிருக்கிறார்கள்.

ஆகவே யோசித்தேன். வருத்தம் மாறினால் மருந்தை நிறுத்துவதுதானே முறை? மருமகன் வந்துவிட்டான், பிரஷரும் இறங்கிவிட்டது. மெசினை நாளையோடு நிறுத்தி, முறைப்படி கயிறு கட்டி அரக்கு வைத்து உனக்கே அனுப்பலாம் என்றிருக்கிறேன். அங்கே யாராவது ஏழைக் குறட்டைக்காரருக்கு உதவும்.

வீட்டில் எல்லோரும் உனக்கு சலாம் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் உனக்கும் பிள்ளைகளுக்கும் தடையில்லாத மூச்சையும் நல்ல நித்திரையையும் தருவானாக.

இப்படிக்கு,
உன் மச்சான்
அச்சிமுகம்மது
(ஓய்வுபெற்ற உப தபாலதிபர்)

பி.கு.: இதை எழுதி முடித்து முத்திரை ஒட்டுமுன், லுஹர் தொழுகைக்குப் பிறகு மெசின் இல்லாமல் கொஞ்சம் சாய்ந்தேன். விழித்தபோது மர்சூக் படலையடியில் நின்று பைசிக்கிளில் பையைக் கட்டிக்கொண்டிருந்தான். "எங்க மகன்?" என்றேன். "உம்மாவப் பாத்துட்டு வாறன் மாமா. அறையில காத்தோட்டம் போதாது" என்றான்.  ஸுல்பிகா உள்ளே போய் முகமூடியை எடுத்துவந்து என் கையில் வைத்தாள். ஆகவே, சலாமையும் துஆவையும் தவிர மேலே எழுதிய எல்லாவற்றையும் வெட்டிவிட்டு வாசிக்கவும். இதை முகமூடியுடன் எழுதுகிறேன். உன் ராத்தா படலையைப் பூட்டிவிட்டாள். மர்சூக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். மாற்று முகமூடி இரண்டு உடனே அனுப்பவும். அரக்கு வைக்காவிட்டாலும் பரவாயில்லை.